தாக்குப்பிடித்தவை – 11: கடல் விட்டுப்போன காடு

வெண்கண்டல் தன் இலை வழியே உப்பைக் கக்குவதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் மூச்சுவேர் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மெக்சிகோவின் சான் பெத்ரோ மார்ட்டிர் ஆறு குறுக்கிட்டுவிட்டது. குவாத்தமாலாவில் தொடங்கி தபாஸ்கோ மாநிலத்துக்குள் ஓடிவரும் இந்த ஆற்றின் கரையில், கடலிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் உள்ளே, சிவப்புக் கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு நெருங்கிய உறவு. அதே போல வளைந்திறங்கும் முட்டுவேர்கள். தாய்மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காயாகத் தொங்கும் நாற்றுகள். ஆனால் வேர் நனைவது உப்பில்லாத ஆற்றுநீரில். சிறுவயதில் இந்த மரங்களில் ஏறி விளையாடி, அடியில் மீன்பிடித்த கார்லோஸ் புரேலோ, பின்னாளில் தாவரவியலாளராகி மற்ற ஆய்வாளர்களை அங்கே அழைத்துப் போனார். ஆய்வு 2021-இல் வெளிவந்தது.

நாற்றுகள் மிதந்து வந்திருக்கலாமே, யாராவது கொண்டுவந்து நட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஆறு கடலை நோக்கி ஓடுகிறது. மிதக்கும் நாற்று எதிர்நீச்சல் போட்டு வந்திருக்க வழியில்லை. மனிதர் நட்டிருந்தால் கடற்கரையோரத்துக்கே உரிய மற்றச் செடிகளும் ஏறத்தாழ நூறு வகை அங்கே எப்படிக் கூடின? மரபணு ஒப்பீடு இன்னும் பின்னே போகிறது: சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்தபோது அங்கே கடற்கரை இருந்தது. பிறகு கடல் வடிந்தது, காடு நின்றுவிட்டது.

ஆக, கண்டல் மரம் உப்புக்கு ஏங்கி உப்பங்கழிக்குப் போகவில்லை. சுரபுன்னையின் வேர் உப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலேயே வடிகட்டித் தள்ளுகிறது; விரும்புகிற பொருளை யாராவது இப்படித் துரத்துவார்களா? ஓரளவு உப்பு கலந்த நீரில்தான் பல கண்டல்கள் செழிக்கின்றன என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் உப்பு முழுக் கடல்நீர் அளவை எட்டினால் அவற்றின் வளர்ச்சி குன்றுகிறது. அப்படியானால் எல்லா ஆற்றங்கரையிலும் ஏன் இல்லை? நல்ல தண்ணீர்க் கரையில் வேகமாக வளரும் மரங்கள் முந்திக்கொண்டு வெயிலை மறைத்துவிடும். உப்புச் சேற்றில் அந்தப் போட்டியாளர்களால் நிற்க முடியாது. சான் பெத்ரோவில் மட்டும் எப்படித் தப்பின என்றால், அந்த நீரில் மிகுந்திருக்கும் கால்சியம் துணைநின்றிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஓர் உயிர் வாழும் இடம் அதன் ஆசையைக் காட்டுவதில்லை. மற்றவை தோற்ற இடத்தில் அது தாங்கியதைத்தான் காட்டுகிறது. உப்பைத் தாங்கினால் போதாது, காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிடவும் வேண்டும். மூச்சுவேர், அடுத்த வாரம் கட்டாயம்.