இருண்ட திரையும் ஓய்ந்த விசிறியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருவீதி ஹல்துமுல்லையைக் கடந்து மலையேறி வந்து சேரும் சந்தியே பெரகல. அங்கிருந்து ஒரு வீதி அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகின்றது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. தென்புறத்துச் சமவெளியிலிருந்து எழும் ஈரக்காற்று இம்மலைச் சரிவிலே மோதிக் குளிர்ந்து மூடுபனியாகத் திரளும். நண்பகலிலும் வாகனங்கள் விளக்கேற்றிச் செல்லும் நாட்கள் அங்கு உண்டு. வழிப்போக்கருக்கு அது கண்கொள்ளாக் காட்சிதான். ஆயின், அச்சரிவுகளிலுள்ள பாடசாலைகளிலும் தோட்ட வீடுகளிலும் இருக்கும் கணினிகளுக்கு அப்பனி நல்ல நண்பன் அன்று.

கணினி இன்று மலையகத்தில் அரும்பொருள் அன்று. எனினும் மலிந்த பொருளும் அன்று. கிராமப்புற மக்களுக்குக் கணினியைக் கொண்டு செல்லும் 'நெனசல' நிலையங்கள் 2005ஆம் ஆண்டளவில் நாட்டில் அமைக்கப்படத் தொடங்கின. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. ஆறு கணினிகள் உள்ள ஓர் அறையிலே இரண்டு இருண்டுவிட்டால், ஒரு திரையின் முன் மூவருக்குப் பதிலாக நான்கைந்து பிள்ளைகள் நெருங்கியிருக்க நேரும். கடைசிப் பிள்ளையின் விரல் விசைப்பலகையைத் தொடுமுன்னரே பாட மணி அடித்துவிடும். கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய கணினியாயின், அது இருளும்போது வீடே இருண்டதுபோலத் தோன்றும். 2022ஆம் ஆண்டில் அமெரிக்க டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று; கடல் கடந்து வரும் உதிரிப் பாகங்களின் விலையும் அதனைப் பின்தொடர்ந்தது.

இந்நிலையில், திரை ஒளிரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கணினியைப் 'பாவனைக்கு உதவாதது' என எழுதிக் களஞ்சிய அறையில் அடுக்கிவிடுதல் பெரும் நட்டமாகும். இருண்டு கிடக்கும் கணினிகளுள் பல உண்மையில் செத்தவை அல்ல. ஒரு வயர் தளர்ந்திருக்கும். ஒரு சிறு பலகை தன் இருக்கையிலிருந்து அசைந்திருக்கும். ஒரு விசிறி தூசியால் இறுகியிருக்கும். பழுது எந்த இடத்தில் உள்ளது என்பதைக் கண்ணாலும் காதாலும் பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது, திரையும் பெட்டியும் இரு வேறு பொறிகள் என்பதாகும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இரண்டுக்கும் தனித்தனி மின்வயர் உண்டு. ஆகவே திரையின் ஓரத்திலுள்ள சிறு விளக்கையே முதலிற் பார்த்தல் வேண்டும். அவ்விளக்கு எரியவே இல்லையெனின், திரைக்கு மின்சாரம் சென்று சேரவில்லை. விளக்கு செம்மஞ்சளாக நின்றாலும், 'சமிக்ஞை இல்லை' என்ற பொருளில் ஒரு வாசகம் திரையில் மிதந்தாலும், திரை நலமாகவே உள்ளது. பெட்டியிலிருந்து படம் வந்து சேரவில்லை என்பதே பொருள். அப்போது இடையிலுள்ள வயரைக் கழற்றி, அதன் ஊசிகளுள் ஏதேனும் வளைந்துள்ளதா எனப் பார்த்து, மீண்டும் இறுகப் பொருத்துதல் வேண்டும். வேறொரு திரையை அதே பெட்டியில் மாட்டிப் பார்த்தால் ஐயம் உடனே தீரும். பெட்டியில் தனியான படப்பலகை பூட்டப்பட்டிருப்பின், திரையின் வயரை அப்பலகையின் துளையிலேயே செருக வேண்டும். தாய்ப்பலகையின் துளையிற் செருகிவிட்டு, படம் வரவில்லையென்று கலங்குவோர் கற்றோரிலும் பலர்.

இன்னொரு வகைப் பழுதும் உண்டு. கணினி தொடங்கும் ஓசை கேட்கும். திரையின் விளக்கும் ஒழுங்காக எரியும். படம் மட்டும் தெரியாது. அப்போது அறையை இருளாக்கி, மின்சூள் ஒன்றைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், மங்கிய நிழல்போலப் படம் தென்படக்கூடும். அவ்வாறு தென்படின், படம் பிறக்கின்றது. அதனைப் பின்னின்று ஒளியூட்டும் விளக்கே கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம். பெட்டியைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

இனி விசிறிக்கு வருவோம். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையிலே, பறித்த கொழுந்தைத் தொட்டிகளிற் பரப்பி, கீழிருந்து பெரிய விசிறிகளாற் காற்றைச் செலுத்தி வாட்டுவர். அவ்விசிறிகளின் இரைச்சல் நின்றால், என்ன நேர்ந்தது என்று அறிய அங்குள்ளோர் உடனே ஓடுவர்; காற்று நின்றால் கொழுந்து வெதும்பிக் கெடும். கணினிப் பெட்டிக்குள்ளும் இதே கதைதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேர்மின்சாரமாக மாற்றித் தருவது மின்வலு வழங்கி. அம்மாற்றத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். அவ்வெப்பத்தை வெளியேற்றுவதே அதன் விசிறியின் தொழில். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் 63.5 வாற்று மின்வலு வழங்கியிலும் ஒரு விசிறி இருந்தது. இன்றைய மேசைக் கணினிகளின் வழங்கிகள் அதைப்போற் பல மடங்கு வலு தருவன.

சுவிச்சை அழுத்தியதும் விசிறி என்ன செய்கின்றது என்பதிலேதான் பாதி விடை அடங்கியுள்ளது. எந்த விசிறியும் அசையவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை என்றால், சுவர்ப் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். வயர், நீட்சிப் பலகை, வழங்கியின் பின்புறத்துச் சுவிச்சு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே வழங்கியின்மேற் குற்றம் சுமத்தலாம். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிட்டால், உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்குவழி கண்டுவிட்டது என்றும், வழங்கி தன்னைத்தானே காத்துக்கொள்கின்றது என்றும் ஊகிக்கலாம். தாய்ப்பலகையின் அடியில் உருண்டுபோன ஓர் ஆணியும் இதனைச் செய்யவல்லது. வெளியே மாட்டியவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பொறுமை இங்கு வேண்டும்.

விசிறிகள் யாவும் நன்றாகச் சுழல்கின்றன, ஆனால் படம் இல்லை என்பது மூன்றாவது வகை. மக்களை மிகவும் ஏமாற்றுவது இதுவே. விசிறி சுழல்வதால் மின்வலு வழங்கி முழு நலத்துடன் இருக்கின்றது என்று சொல்ல முடியாது. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ற்று மட்டுமே; ஏனைய இரண்டும் குன்றியிருந்தால் விசிறி அதனை அறியாது. எனினும் இவ்வகையில் முதலிற் சந்தேகிக்க வேண்டியது நினைவகப் பலகையையே. ஈரக்காற்று உலவும் ஊர்களில் அதன் பொன்னிறப் பற்களில் மெல்லிய மாசு படிந்துவிடும். மின்வயரைக் கழற்றி, உடலின் நிலைமின்னைப் போக்கப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, அப்பலகையை எடுத்து, பற்களை மென்மையான அழிறப்பரால் இலேசாகத் துடைத்து, துகளை நீக்கி, 'டக்' என்ற ஓசை கேட்கும்வரை மீண்டும் பொருத்துதல் வேண்டும். பெட்டிக்குள் சிறு ஒலிபெருக்கி இருப்பின், நினைவகம் இல்லாதபோது கணினி கூவி அறிவிக்கும். அக்கூவல் கேட்டால் தாய்ப்பலகை உயிரோடுள்ளது என மகிழலாம்.

கணினி பத்து நிமிடம் ஓடி அணைந்து, ஆறிய பின் மீண்டும் ஓடுமாயின், குற்றவாளி பெரும்பாலும் வெப்பமே. வழங்கியின் விசிறி நின்றிருக்கலாம்; அல்லது உள்ளே தூசி அடைத்திருக்கலாம். குளிர்ந்த காலைப் பொழுதில் தொடங்கும்போது கரகரவென முனகிச் சற்று நேரத்தில் அடங்கும் விசிறி, அதன் பேரிங்கின் எண்ணெய் வற்றிவிட்டதைச் சொல்கின்றது. அடுத்த மாதம் அது நின்றேவிடலாம். புதிய வழங்கிகள் சிலவற்றில், வெப்பம் ஏறும்வரை விசிறி சுழலாதபடியே அமைத்திருப்பர் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்; அது பழுதன்று.

விசிறியைத் துடைக்கும் ஆசையில் மின்வலு வழங்கியின் பெட்டியைத் திறக்க எவரும் முற்படலாகாது. 230 வோல்ற்று மாறுமின்சாரம் உள்ளே நேராக்கப்பட்டு, ஏறக்குறைய 325 வோல்ற்றாகக் கொள்ளளவி எனப்படும் சிறு உருளைகளில் தேங்குகின்றது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் அங்கே நிற்கக்கூடும். உயிரைக் குடிக்கவும் கூடும். வெளியிலிருந்து தூரிகையால் தூசியை அகற்றுதலே ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது. அதற்கு மேற்பட்டது தொழில் தெரிந்தவர் வேலை. அவர் தாய்ப்பலகையிலிருந்து வழங்கியின் இணைப்பைக் கழற்றி, பச்சை வயரைக் கறுப்பு வயருடன் இணைத்து அதனைத் தனியே எழுப்புவார். பின் பல்மானியால் மஞ்சளில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3 வோல்ற்று உள்ளனவா என அளப்பார். மஞ்சள் வயர் 11.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் அவ்வழங்கியை நம்பலாகாது. வழங்கியை மட்டும் மாற்றினாற் போதும். கணினி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

பழைய வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என எழுதிய சிவப்புச் சுவிச்சு ஒன்று இருக்கும். விளையாட்டாக யாரேனும் அதனை 115க்குத் தள்ளிவிட்டால், அடுத்த முறை மின்சாரம் பாயும்போது உள்ளே வெடியோசை கேட்கும். மாணவர் கைக்கு எட்டாதவாறு அதன்மேல் ஒட்டுநாடா இடுதல் நன்று. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் கணமும் கணினிக்கு ஆபத்தானதே. 2022 மார்ச்சு 31ஆம் திகதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு அமுலாயிற்று. அத்தகைய நாட்களில் பிளக்கைக் கழற்றி வைத்து, மின்சாரம் வந்து சில நிமிடம் நிலைபெற்ற பின்னரே மாட்டியவர்கள் தம் கணினிகளுக்கு நன்மையே செய்தனர். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையே நாடு முழுவதும் இருளக் காரணம் என அமைச்சர் அறிவித்தார். குரங்கொன்று நாட்டையே இருளாக்குமாயின், வெப்பம் தேடிப் பெட்டிக்குள் நுழையும் பல்லி ஒரு கணினியை இருளாக்குவதில் வியப்பில்லை. பின்புறத்திலே திறந்து கிடக்கும் துளைகளைத் தகடிட்டு மூடினால் அதன் வழி அடைபடும்.

மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமுழக்கம் தொடங்கும். அது நெருங்குமுன்னரே மின் பிளக்கையும் தொலைபேசி வழியாக வரும் இணைய வயரையும் கழற்றிவிட வேண்டும். சுவிச்சை மட்டும் அணைத்தல் போதாது. நீண்ட விடுமுறைக் காலத்தில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது கணினிகளை இயக்கினால், அவற்றின் சொந்த வெப்பமே உள்ளிருக்கும் ஈரத்தை ஓட்டிவிடும். பனிக்கு அஞ்சிப் பொலித்தீன் உறையால் இறுக மூடுதல் இப்பகுதிகளில் வழக்கம். அது ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டு அதனினும் மேலானது. ஆனால் சுவிச்சைத் தொடுமுன் அத்துணியையும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் விசிறிக்குக் காற்று கிட்டாது.