கணினி அறிவியல் மாணாக்கரும் பாடத் தேர்வும்

கற்றற்குரிய பொருள்கள் நாடோறும் பெருகி வருகின்றன; கல்லூரியிற் கற்கும் ஆண்டுகளோ மூன்று அல்லது நான்கே. இவ்விரண்டிற்கும் இடைநின்று, எதனை ஏற்பது, எதனை விடுப்பது, எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது எனத் தடுமாறுதல் எல்லாத் துறை மாணாக்கர்க்கும் பொதுவே. ஆயினும் கணினி அறிவியல் பயிலப் புகுவார்க்கு அத்தடுமாற்றம் மிகுதி. என்னை? அவர்தம் பாடங்களின் பெயர்கள் புதியன. கேட்டார் உள்ளத்தைக் கவர்வன. சில ஆண்டுகட்குள் மாறுவன. தமிழிலக்கியம் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். விடுதியில் எம்முடன் உறையும் நண்பர்கள் பருவந்தோறும் பாடப் பட்டியலைக் கையிலேந்தி ஆலோசிப்பதைக் கேட்டும், அவர்தம் ஆசிரியர்பால் வினவியும், நூல்களைப் புரட்டியும் யாம் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

முதற்கண் பாடங்களின் வகையை அறிதல் வேண்டும். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் முதன்மைப் பாடங்கள் துறையினராலேயே வரையறுக்கப்பட்டவை. அவற்றில் மாணாக்கர்க்குத் தேர்வுரிமை இல்லை. துணைப்பாடம், விருப்பப்பாடம், பிற துறைப் பாடம் என்பவற்றிலேயே அவ்வுரிமை உளது. ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் என்னும் அளவு குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர விரிவுரையையோ, இரண்டு மணி நேரச் செய்முறைப் பயிற்சியையோ குறிக்கும். ஆகவே ஒரு பருவத்தில் 20 கிரெடிட் ஏற்பவர், அவற்றுள் 4 செய்முறைக்குரியதாயின், வாரந்தோறும் 16 மணி நேரம் விரிவுரையிலும் 8 மணி நேரம் ஆய்வுக்கூடத்திலுமாக 24 மணி நேரம் இருத்தல் வேண்டும். தாமே படித்தற்குரிய நேரம் இதனின் வேறு. இக்கணக்கைப் போட்டுப் பாராது பட்டியலில் ஒப்பமிடுவார், பருவத்தின் நடுவில் இளைத்துப் போவர்.

இனி, பாடங்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் முறைமையை நோக்குவோம். நிரலாக்கம் கற்றபின் தரவுக் கட்டமைப்பும், அதன்பின் அல்காரிதம் எனப்படும் நெறிமுறைகளும் கற்றல் முறை. எண்முறைத் தருக்கம் கற்றபின் கணினியின் உள்ளமைப்பும், அதன்பின் இயக்க அமைப்பும் வருதல் முறை. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கற்றபின்னரே இயந்திரக் கற்றல் விளங்கும். அடித்தளமின்றி மேன்மாடம் எழுப்பப் புகுவாரைப் போல, முதலிரண்டு பருவங்களிலேயே கடைசிப் பாடத்தை நாடுவார் சூத்திரங்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பாரேயன்றிப் பொருளுணரார்.

கணிதத்தை அஞ்சி விலக்குவார் பலர். அவர்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பத்து இலட்சம் பெயர்கள் அகரவரிசையில் அமைந்த பட்டியல் ஒன்று உளதென்க. ஒரு பெயரை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடின், பத்து இலட்சம் முறையும் ஒப்பிட நேரலாம். நடுவிலுள்ள பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் பார்த்து, இவ்வாறே செல்லின் 20 முறை ஒப்பிடுதலே போதும். இரண்டை இருபது முறை பெருக்கின் 10,48,576 ஆகிப் பத்து இலட்சத்தைக் கடத்தலே அதன் காரணம். நிரலெழுதும் கை இருவர்க்கும் ஒன்றே. இவ்வேறுபாட்டைக் காணும் கண் கணிதம் தருவது. ஆதலின் தனிநிலைக் கணிதமும் நிகழ்தகவும் துணைப்பாடமாகக் கிடைப்பின் அவற்றைக் கைவிடலாகாது. மேனிலைப் பள்ளியிற் கணிதம் பயிலாது வந்தவரும் மனந்தளர வேண்டுவதில்லை. அவர் முதற்பருவத்திற் பிற சுமைகளைக் குறைத்துக்கொண்டு, ஆசிரியரைத் தொடக்கத்திலேயே அணுகுதல் நன்று.

நிலைப்பன எவை, மாறுவன எவை எனப் பகுத்துணர்தல் அடுத்த கடமை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களில் ஸ்கீம் என்னும் நிரல்மொழி வாயிலாகக் கற்பிக்கப்பட்ட புகழ்பெற்ற தொடக்கப் பாடம், 2000-களின் இறுதியிற் பைத்தான் மொழிவழிப் பாடத்திற்கு இடங்கொடுத்து விலகியது. ஆனால் டைக்ஸ்திரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதை நெறிமுறை இன்றும் வகுப்புகளிற் கற்பிக்கப்படுகிறது. மொழிகள் மாறின, நெறி மாறவில்லை. இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட அளவிலே நிரல் எழுதித் தருகின்றன. அந்நிரல் சரியா, பிழையா, விரைவுடையதா என ஆராயும் பொறுப்போ மனிதர்பாலது. அடிப்படை அறியார் அப்பொறுப்பை எங்ஙனம் தாங்குவர்?

இவ்வாறு கூறுதலால் தொழிற்றிறப் பாடங்களை யாம் இகழ்ந்தோமல்லேம். இல்லத்தார் கடன்பட்டுக் கட்டணம் செலுத்த, பட்டம் பெற்ற மறு திங்களே பொருளீட்ட வேண்டிய நிலையில் நம்மிடையே உள்ளார் பலர். வலைத்தளம் அமைத்தல், தரவுத்தளம் பேணுதல் போன்ற பாடங்கள் அவர்க்கு இன்றியமையாதன. அவற்றை எப்பொழுது ஏற்பது என்பதே வினா. அடிப்படைகள் ஒருவாறு கைவந்தபின், இறுதியாண்டை ஒட்டி ஏற்பின், கற்றதும் எளிதாகும்; வேலை தேடுங்காலத்து நினைவிற் புதியதாயும் இருக்கும்.

பிற துறைப் பாடம் என்பதைச் சிலர் மதிப்பெண் எளிதிற் கிடைக்கும் வழியாக மட்டும் கருதுகின்றனர். இக்கருத்து எத்துணைப் பொருந்தாதென்பதற்குக் கிளாடு ஷானன் என்பாரின் வரலாறே சான்று. அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் பயின்ற அவர், ஆண்டுத் தத்துவத் துறைப் பாடம் ஒன்றில் ஜார்ஜ் பூல் 1854-இல் நூலாக விரித்துரைத்த தருக்க இயற்கணிதத்தை அறிந்தார். மெய், பொய் என்னும் இரண்டையும் எண்போற் கையாளும் அம்முறை, மின்சுற்றின் திறப்பிற்கும் மூடலுக்கும் பொருந்துமென 1937-இல் தம் முதுநிலைப் பட்ட ஆய்வுரையில் நிறுவினார். எண்முறைச் சுற்றுகளை வகுத்தமைக்கும் கலை அதன்மேல் எழுந்தது. தம் துறைக்கு அயலதென அப்பாடத்தை அவர் ஒதுக்கியிருப்பின், அவ்விணைப்பை அவர் கண்டிருத்தல் அரிது.

எம் துறையிலிருந்தும் ஒன்று கூறுவோம். ‘கல்வி’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? க, ல், வி என மூன்றென்பர் இலக்கணம் கற்றார். யூனிகோடு முறையிலோ ககரம், லகரம், புள்ளி, வகரம், இகரக் குறி என ஐந்து குறியீடுகளாக அது சேமிக்கப்படுகிறது. இதனை அறியாத நிரலாளர் அச்சொல்லின் முதலிரண்டு எழுத்துகளை வெட்டியெடுக்கப் புகின், ‘கல்’ என்பதற்கு மாறாகப் புள்ளியிழந்த ‘கல’ என்பதே கிடைக்கும். பெயர்ப் பட்டியலிலும் விண்ணப்பத்தாளிலும் தமிழ்ப்பெயர்கள் சிதைதற்கு இத்தகைய அறியாமையும் ஒரு காரணம். தமிழ்ப் பாடத்தைத் தேர்ச்சிக்காக மட்டும் படிக்கும் கணினி நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. தமிழ் பயிலும் எம்மனோரும் நிரலாக்கப் பாடம் ஒன்றை ஏற்றல் தகும் என்பதனையும் இது புலப்படுத்தும்.

இறுதியாக, தேர்வு செய்யும்பொழுது நெஞ்சொடு வினவத்தக்கன மூன்று. இப்பாடத்திற்கு முன்னர்க் கற்கவேண்டியவற்றைக் கற்றேனா? இப்பருவத்தின் ஏனைய சுமைகளோடு இதனைத் தாங்குவேனா? தோழர் ஏற்றனர் என்பதையன்றி இதனை யான் ஏற்றற்கு வேறு காரணம் உண்டா? மூன்றனுள் ஒன்றற்கேனும் விடை ஐயமாயின், சென்ற ஆண்டின் வினாத்தாளைப் பார்த்தலும், அப்பாடத்தை முடித்த மூத்த மாணாக்கரை உசாவுதலும், ஆசிரியரை நேரிற் கண்டு கேட்டலும் வேண்டும். கடினமான கணிதப்பாடம் ஒன்றும் நெடுநேரம் கொள்ளும் செய்முறைப்பாடம் ஒன்றும் ஒரு பருவத்திற்குப் போதும்; மூன்றாவதொன்றை அவற்றோடு சேர்த்தல் துணிவன்று, துன்பமே.

பாடப்பட்டியல் ஒரு தாளே. அதில் இடும் குறிகளும் சிலவே. எனினும் பல திங்களின் உழைப்பும், பெற்றோர் அனுப்பும் பொருளும், பின்னாளைய தொழிலும் அக்குறிகளைப் பற்றி நிற்கின்றன. ஆதலின் நண்பர்காள், விரைந்து குறியிடாது ஆராய்ந்து குறியிடுமின். இட்டபின் ஐயுறாது உழைமின்.