ஆலைக்கு உரிமம் உண்டா?

ரப்பர்த் தோட்டங்களில் வாழும் நமக்கு ஆலை வாடை புதிதன்று. பால் உறைந்த பின்னர் வெளியேறும் கழிவுநீர் கால்வாயில் தேங்கி நாறுவதை நம் பெற்றோர் காலத்திலேயே கண்டிருக்கிறோம். “ஆலை என்றால் நாற்றம் இருக்கத்தான் செய்யும்” என்று பொறுத்துக்கொள்ளும் பழக்கமும் நம்மிடையே உண்டு. அப்பழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை ஜெஞ்சாரோம் மக்களின் அனுபவம் நமக்கு உணர்த்துகின்றது.

ஜெஞ்சாரோம், சிலாங்கூர் மாநிலத்தின் கோலாலங்காட் மாவட்டத்தில், ஏறக்குறைய 30,000 மக்கள் வாழும் ஊர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். 2018ஆம் ஆண்டில் இவ்வூரார் இரவு வேளைகளில் பிளாஸ்டிக் எரியும் நெடியை உணரத் தொடங்கினர். கதவுகளையும் சன்னல்களையும் அடைத்தும் நெடி உள்ளே புகுந்தது. இருமலும் மூச்சுத் திணறலும் பலரைத் தூங்கவிடாமல் வாட்டின.

இதற்குக் காரணம் யாது? மேல்நாடுகள் தங்கள் பிளாஸ்டிக் கழிவுகளைப் பல ஆண்டுகளாகச் சீனாவுக்குக் கப்பலேற்றி அனுப்பி வந்தன. 2018 ஜனவரியில் சீனா அவற்றுள் பெரும்பாலானவற்றின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. போக்கிடம் இழந்த கழிவுகளில் ஒரு பகுதி கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அதனை உருக்கிப் பணமாக்க விரும்பியோர் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் உரிமம் பெறாமலேயே ஆலைகளை எழுப்பினர். அவற்றுட் சில செம்பனை மரங்களின் மறைவில் இயங்கின. தூய பிளாஸ்டிக் உருக்கப்பட்டது. அழுக்கேறிப் பயன்படாத கழிவோ திறந்த வெளியில் குவிக்கப்பட்டது, அல்லது எரிக்கப்பட்டது. பிளாஸ்டிக்கில் சில வகைகள் எரியும்போது டயாக்சின் எனும் கொடிய நச்சு உண்டாகும் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஜெஞ்சாரோம் மக்கள் வாளாவிருக்கவில்லை. ஒன்றுகூடிக் குழுவாக அமைந்தனர், ஆலைகள் இருக்கும் இடங்களைத் தேடிக் கண்டறிந்தனர், படம் பிடித்தனர், அதிகாரிகளிடம் புகார் செய்தனர். அதன் பயனாக, கோலாலங்காட் மாவட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதத்தில், சுமார் 3,000 டன் கழிவைத் திருப்பி அனுப்பப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் அவை புறப்பட்ட நாடுகளுக்கே திரும்பிச் சென்றன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜெஞ்சாரோம் மக்கள் துன்புற்றது சட்டம் இல்லாமையால் அன்று. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. அந்த ஆலைகளோ சட்டத்தின் கண்ணுக்குப் படாமல் இயங்கின. உரிமம் பெற்ற ஆலைக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, பொறுப்பேற்கும் உரிமையாளர் உண்டு. உரிமம் இல்லாத ஆலையில் யாரைப் பொறுப்பாக்குவது?

உரிமத்தால் விளையும் நன்மையை நம் தொழிலிலேயே காணலாம். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் தனித்தனி விதிமுறைகள் பிறந்தன. உரிமம் பெற வேண்டும். கழிவுநீரைக் குறிப்பிட்ட தரத்துக்குச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும். நீரிலுள்ள அழுக்கு மட்கும்போது அந்நீரின் உயிர்வாயுவை உறிஞ்சிவிடும், மீன்கள் மடியும். அவ்வாறு உறிஞ்சப்படும் அளவைக் கொண்டே கழிவின் கடுமையை அளக்கின்றனர். செம்பனை ஆலைகளுக்கு 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த அவ்வரம்பு, படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. ஆலைகள் அழிந்து போகவில்லை. கழிவுநீர்க் குளங்களை வெட்டின. விதிக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தன. “விதியைக் கேட்டால் வேலை போய்விடும்” என்று அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பாராக.

விதிமுறைகள் ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே நின்றுவிடுவதில்லை. ஜெஞ்சாரோமில் நடவடிக்கை எடுத்த பின்னர், கெடாவின் சுங்கைப் பட்டாணி வட்டாரத்திலும் அத்தகைய புகார்கள் எழுந்தன. குறுக்கு வழி தேடுவோர் இடம் மாறும்போது சட்டமும் இறுக வேண்டியதாகிறது. அழுக்கடைந்த, கலப்படமான பிளாஸ்டிக் கழிவை, பெறும் நாட்டின் ஒப்புதலின்றி அனுப்பலாகாது என்னும் அனைத்துலக விதி 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2024இல் நமது சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. 2025 ஜூலை முதல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குக் கடுமையான புதிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளன.

ஆலைக்கு வெளியே வாழ்வோரைப் போன்றே உள்ளே உழைப்போரும் காக்கப்பட வேண்டியவர்களே. ஊராரை வாட்டிய நெடியை முதலில் சுவாசித்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள் அல்லரோ? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. அதன் திருத்தங்கள் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தன. வேலையிடத்தின் ஆபத்துகளை முதலாளி ஆராய்ந்து மதிப்பிட வேண்டும். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். மேலும், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்துடன் நம்பும் தொழிலாளி, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஆவன செய்யாவிடில், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது. பாலில் அம்மோனியா சேர்ப்போரும், பாலை உறையச் செய்யும் அமிலத்தைக் கையாள்வோரும், மருந்து தெளிப்போரும் இவ்வுரிமையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, நம் தோட்டத்து எல்லையில் புதிய ஆலை முளைத்தாலோ, இரவில் புதிய நெடி வீசினாலோ, “நமக்கென்ன” என்று இருந்துவிட வேண்டாம். எந்த நாள், எந்த மணி, காற்று எத்திசையிலிருந்து வீசியது, என்ன கண்டோம் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். உரிமம் உண்டா என்று ஊராட்சி மன்றத்தில் விசாரியுங்கள். புகையும் கழிவுநீரும் பற்றிய புகாரைச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும், வேலையிட ஆபத்து பற்றிய புகாரை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கும் எழுத்து மூலம் அனுப்புங்கள். நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். தனியொருவர் கூறுவதினும் லயத்தார் அனைவரும் கையொப்பமிட்ட கடிதத்துக்கு வலிமை மிகுதி.

சட்டத்தை இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி. அதனை நடைமுறைப்படுத்துவது அதிகாரிகளின் பணி. நள்ளிரவில் எழும் நெடியை முதலில் அறிபவர்கள் அங்கு வாழும் மக்களே. அதனை உரியவர்களுக்கு அறிவிப்பது நம் கடமையாகும். அக்கடமையை ஜெஞ்சாரோம் மக்கள் செவ்வனே செய்தனர். நாமும் செய்வோமாக.