சாவியைக் கொடுக்கும் முன்

கார்த்திகை மழை ஓய்ந்துவிட்டால் வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சாலைகளில் வெளிநாட்டவர் ஓட்டும் மோட்டார் சைக்கிள்கள் கண்ணில் படத் தொடங்கும். புதுச்சேரி நகரத்தில் வாடகைக்கு எடுத்த புல்லட்டிலோ ஸ்கூட்டரிலோ ஊசுட்டேரிப் பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள், திருக்காமீசுவரர் கோயிலுக்கும் வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்துக்கும் வருகிறவர்கள், ஆரோவில்லிலிருந்து தெற்கே இறங்கி வருகிறவர்கள் எல்லாம் ஒரு வகை. இன்னொரு வகையினரை ஊரில் யாரும் வெளிநாட்டவர் என்று எண்ணுவதே இல்லை. பாரிஸிலிருந்தோ ரெயூனியனிலிருந்தோ பொங்கலுக்கு வந்து, மைத்துனர் வீட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வயலைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அவர்கள். பேசுவது பாகூர்த் தமிழ்தான். கடவுச்சீட்டும் ஓட்டுநர் உரிமமும் பிரெஞ்சு. இந்த இரண்டு வகையினரிடமும் நம் கிராமங்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. வெள்ளைக்காரரிடம் லைசென்ஸ் கேட்பது மரியாதைக் குறைவு, சொந்தக்காரரிடம் கேட்பது அதைவிடக் குறைவு என்று நினைத்து, கேட்காமலே சாவியை நீட்டிவிடுகிறோம். இந்தத் தாராளத்துக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவர் அல்ல. சாவி கொடுத்த வீட்டுக்காரரும் சாலையோரம் நடந்து போகும் உள்ளூர்க்காரரும்தான் கொடுக்கிறார்கள். ஆகவே விருந்தினரானாலும் உறவினரானாலும், உரிமத்தைப் பார்த்த பிறகே வண்டியைக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

பிரெஞ்சுக் குடிமக்களான தமிழர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வழி விட்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா குடும்பங்களில் பலர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கும் இங்குமாக வாழ்கிறார்கள். ஊரில் வீடு உண்டு, நிலம் உண்டு, குலதெய்வம் உண்டு. சட்டத்தின் கண்ணில் மட்டும் அவர்கள் வெளிநாட்டவர். வெளிநாட்டவரும் மோட்டார் சைக்கிளும் என்றால் இமயமலைப் பாதையில் மூட்டை கட்டிய புல்லட்டை நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. புதுவைக் கிராமங்களைப் பொறுத்தவரை, அந்தப் படத்தைவிட மைத்துனரின் பைக்தான் இந்தப் பேச்சின் நடுவில் இருக்க வேண்டும்.

சாலையைப் பார்ப்போம். பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பெண்ணையாற்று நீர் வந்து ஏரி நிரம்பும் ஊர். அறுவடைக் காலத்தில் களம் போதாமல் நெல்லைத் தார்ச்சாலையிலேயே காயப் போடுவார்கள். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் பரந்திருக்கும். வண்டிகள் ஏறாமலிருக்க விளிம்பில் கருங்கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். இருட்டில் அந்தக் குவியலும் கல்லும் கடைசி நொடியில்தான் தெரியும். காலால் நெல்லைத் துழாவியபடி முதுகைக் காட்டி நடக்கும் பெண்களுக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. உள்ளூர்க்காரர் இதை எதிர்பார்த்தே ஓட்டுவார். பிரான்சிலிருந்து வந்தவர் வாழ்நாள் முழுக்கச் சாலையின் வலது பக்கம் ஓட்டிப் பழகியவர். நெரிசலில் அவர் தவறு செய்வது குறைவு, முன்னே போகும் வண்டிகளே வழி காட்டிவிடும். ஆளரவமற்ற வயல்சாலையில் சந்திலிருந்து திரும்பும்போதுதான் பழைய பழக்கம் கையைத் தானாக வலது பக்கம் இழுக்கும். இதில் எல்லைச் சிக்கலும் உண்டு. பாகூர்ப் பகுதி கடலூர் மாவட்டத்து ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒரே பயணத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். விபத்து எந்தப் புள்ளியில் நடந்தது என்பதைப் பொறுத்து வழக்கு பாகூர்க் காவல் நிலையத்துக்குப் போகும், அல்லது தமிழ்நாட்டுப் பக்கத்து ரெட்டிச்சாவடிக்குப் போகும். எல்லையோரத்து மதுக்கடைகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு எந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கும் தளர்வதில்லை.

உரிமம் என்று வரும்போது வெளிநாட்டவர் பலர் நல்லெண்ணத்தோடுதான் தவறுகிறார்கள். சொந்த நாட்டு லைசென்ஸ் கையில் இருந்தால் போதும் என்று நம்புகிறார்கள், போதாது. சுற்றுலா வருகிறவரிடம் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி அவருடைய நாட்டில் வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்க வேண்டும். அதை இங்கே வந்த பிறகு வாங்க முடியாது. அந்த அனுமதிப் புத்தகத்தில் வண்டி வகைக்கு ஏற்ப முத்திரை இருக்கும்: ‘ஏ’ என்பது மோட்டார் சைக்கிள், ‘பி’ என்பது கார். ‘பி’யில் மட்டும் முத்திரை உள்ளவர் புல்லட்டில் ஏறினால் அவர் உரிமம் இல்லாதவரே. பிரான்சில் கார் லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆனவர் 7 மணி நேரப் பயிற்சி முடித்தால் 125 சிசி வரை ஓட்டலாம் என்ற சலுகை உண்டு. அது பிரெஞ்சு மண்ணுக்குள் மட்டுமே செல்லும். அந்தச் சலுகையை நம்பி இங்கே 350 சிசி வண்டியை, அதுவும் 190 கிலோ எடையுள்ள ஒன்றை, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மணல் படிந்த கிராமச் சாலையில் ஓட்டுகிறவருக்குச் சட்டமும் துணையில்லை, அனுபவமும் துணையில்லை. மாதக்கணக்கில் தங்குகிறவர், ஆண்டுதோறும் வருகிறவர் இந்திய உரிமமே எடுத்துவிடுவதுதான் முறை.

வண்டியைக் கொடுத்தவர் கதைக்கு வருவோம், இதைத்தான் நம் ஊர்களில் யாரும் பேசுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவரை ஓட்டவிடக்கூடாது என்று உரிமையாளருக்கே கட்டளையிடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஓட்டியவருக்கும் ஓட்டக் கொடுத்தவருக்கும் தனித்தனியே ரூ.5,000 அபராதம், சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. அபராதமாவது கட்டினால் தீர்ந்துவிடும். விபத்து நடந்தால் வரும் சுமைதான் குடும்பத்தைக் குலைக்கும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி வகுத்தது: ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்பதற்காக அடிபட்டவருக்கு இழப்பீடு தராமல் காப்பீட்டு நிறுவனம் தப்பிவிட முடியாது, ஆனால் உரிமம் உள்ளவர்தான் ஓட்டுகிறார் என்பதை உறுதிசெய்ய உரிமையாளர் போதிய கவனம் எடுக்கவில்லை என்று நிறுவிவிட்டால், கொடுத்த தொகையை அவரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். கருத்தூன்றிப் பார்த்தால், மைத்துனரிடம் லைசென்ஸைக் காட்டச் சொன்னாரா இல்லையா என்ற ஒரே கேள்வியில் பாகூர் விவசாயியின் நிலம் தங்குவதும் போவதும் இருக்கிறது. ஓட்டியவர் விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் எங்கே போவார்?

ஓட்டுகிறவருக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. உரிமையாளரே ஓட்டும்போது அடிபட்டால் ரூ.15 லட்சம் வரை கிடைக்கும் கட்டாயத் தனிநபர் காப்பீடு, உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே உரியது. இரவல் வாங்கி ஓட்டியவர் அதற்குள் வரமாட்டார். இரவல் மோட்டார் சைக்கிளில் போனவர் முன்னால் சென்ற மாட்டு வண்டியில் மோதி இறந்த நிங்கம்மா வழக்கில், இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும், உரிமமின்றி ஓட்டியதைக் காரணம் காட்டிக் கை விரிக்கும் பாலிசிகளே அதிகம். மாட்டு வண்டியும் இரவல் பைக்கும் கலந்த அந்த வழக்கு கர்நாடகத்துக் கிராமத்தில் நடந்தது என்றாலும், பாகூர்ச் சாலையில் அது நடக்க முடியாத காட்சி ஒன்றும் அல்ல. மோதியவர் அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டால் அடிபட்டவரின் நிலைமை இன்னும் மோசம். 2022 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி அப்போது இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு ரூ.50,000. கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவரின் உயிருக்கு அவ்வளவுதான்.

இதற்கு முதலில் வரும் எதிர்க்கேள்வி நியாயமானது. நம்மூர்ப் பையன்கள் பதினைந்து வயதில் ஹெல்மெட்டும் லைசென்ஸும் இல்லாமல் மூன்று பேராகப் போகும்போது, வெளிநாட்டவரை மட்டும் நிறுத்திக் கேட்பது எந்த ஊர் நியாயம்? அவர்களையும் நிறுத்த வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நாடு முழுதும் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. இந்தச் சாவுகளில் பெரும்பகுதி கிராமப்புறச் சாலைகளில் நடந்தவை. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கியபோது முதலமைச்சர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததும், ஹெல்மெட் அதிகாரப் போட்டியின் சின்னமாகிப் போனதும் இந்த மண்ணின் துயரம். எல்லோரும் மீறுகிறார்கள் என்பது விதியை அமல்படுத்த ஒரு காரணமே தவிர, ஒருவரை விட்டுவிடக் காரணம் ஆகாது. தவிர, உள்ளூர்ப் பையனுக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பையன் இதே ஊரில்தான் இருப்பான். பஞ்சாயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கிடைப்பான். இழப்பீட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும் நாட்டில், விசா முடிந்தால் கிளம்பிவிடுகிறவரிடம் முன்கூட்டியே உறுதி கேட்பதை ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது.

கெடுபிடி செய்தால் சுற்றுலா படுத்துவிடும், வாடகை வண்டிக்காரர் பிழைப்பு போய்விடும் என்பது அடுத்த கவலை. அந்தப் பிழைப்பைக் காப்பாற்ற விரும்புகிறவர்களுக்குத்தான் ஒழுங்கு முதலில் தேவை. மோட்டார் சைக்கிளை வாடகைக்கு விடுவதற்கென்று 1997-லேயே மத்திய அரசு தனித் திட்டம் கொண்டுவந்தது. வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று காப்பீடு எடுத்த வெள்ளைப் பலகை வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு விட்டால், காப்பீட்டு நிறுவனம் கை கழுவ அதுவே காரணமாகிவிடும். ஒரே ஒரு பெரிய விபத்து போதும், ஐந்தாறு வண்டி வைத்துப் பிழைக்கும் சிறு முதலாளி தலையெடுக்க முடியாது. வாடகைக்கு எடுப்பவரின் அனுமதிப் புத்தகத்தில் ‘ஏ’ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். இல்லாதவருக்குச் சைக்கிள் கொடுக்கலாம், ஓட்டுநரோடு ஆட்டோ பிடித்துத் தரலாம். வில்லியனூர் புதுச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். ரயிலும் பேருந்தும் உண்டு.

வெளிநாட்டவர் இங்கே லைசென்ஸ் எடுப்பது குதிரைக் கொம்பு, அதனால்தான் மீறுகிறார்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. செல்லுபடியாகும் விசாவும் முகவரிச் சான்றும் இருந்தால் வெளிநாட்டவரும் இந்திய உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதை வாங்கிய 30 நாளுக்குப் பிறகு எட்டுப் போட்டுக் காட்டி நிரந்தர உரிமம் பெறலாம். மார்கழியில் வந்து மாசியில் திரும்புகிறவருக்கு இந்தக் கால அளவு தாராளம். கஷ்டம் இருப்பது முகவரிச் சான்றில். மாமியார் வீட்டில் தங்குகிறவரிடம் வாடகை ஒப்பந்தமும் இருக்காது, மின்கட்டண ரசீதும் அவர் பெயரில் வராது. ஆனால் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர், அது சொந்த வீடானாலும், ‘சி’ படிவம் என்று நாம் பழகிப்போன தகவலைக் குடியேற்ற அதிகாரிகளுக்கு 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அந்தப் பதிவையும் குடியிருப்புச் சான்றையும் போக்குவரத்துத் துறை போதுமான ஆதாரமாக ஏற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். விருந்தினர் வருகையைப் பதிவு செய்யத் தயங்கும் வீடுகளுக்கும் அப்போது பதிவு செய்ய ஒரு காரணம் கிடைக்கும்.

மீதிப் பாதியை வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளே முன்னின்று செய்யலாம். மார்கழி, தை மாதங்களில் ஆளுக்கொரு நாள் உரிம முகாம் நடத்தச் சொல்லிப் போக்குவரத்துத் துறையைக் கேட்கலாம். அதே முகாமில் ஊர்ப் பிள்ளைகளும் பழகுநர் உரிமம் எடுக்கட்டும். பிரெஞ்சுக் குடிமக்களோடு எப்போதும் தொடர்பில் இருக்கும் துணைத் தூதரகம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் ‘ஏ’ முத்திரையோடு சர்வதேச அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி அறிவிப்பைத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஐப்பசியிலேயே அனுப்பச் சொன்னால், பொங்கலுக்கு வருகிறவர் காகிதத்தோடு வந்து இறங்குவார்.