தகவல் மீட்பில் நுண்ணறிவுப் பயனர் இடைமுகம்

நுண்ணறிவுப் பயனர் இடைமுகம் என்பது, பயனர் தட்டெழுதிய எழுத்துகளை அப்படியே ஒப்பிடுவதோடு நில்லாமல், அவர் தேடும் பொருளை உய்த்துணர்ந்து உதவும் இடைமுகம் ஆகும். நூலகப் பட்டியல், தேடுபொறி, மின்னூல் தொகுப்பு முதலிய தகவல் மீட்பு முறைமைகளில் இது பயன்படுகின்றது. தமிழ் ஓர் ஒட்டுநிலை மொழி ஆதலால், தமிழ்த் தேடலுக்கு இதன் தேவை மிகுதி.

சொல்வடிவச் சிக்கல்

கோயம்புத்தூரின் உக்கடம் பகுதியைப் பற்றி ஒரு மாணவர் தேடுவதாகக் கொள்வோம். "உக்கடம்" எனத் தேடினால், "உக்கடத்தில்", "உக்கடத்துக்கு" என்னும் வடிவங்கள் மட்டுமே உள்ள கட்டுரைகள் வெறும் எழுத்து ஒப்பீட்டில் அகப்படா. மகர ஈறு கெட்டு, அத்துச் சாரியை தோன்றுவதே இதற்குக் காரணம்.

சொல்லின் இறுதியை வெட்டித் தேடுவதும் முழுத் தீர்வன்று. உக்கடம் பெரியகுளத்தைத் தேடுபவருக்காகக் "குளம்" என்பதைக் "குள" எனச் சுருக்கினால், "குளவி", "குளம்பு" ஆகியனவும் வந்து சேரும். ஒருங்குறியில் "ளி" என்பது "ள" என்னும் எழுத்தும் இகரக் குறியுமாகச் சேமிக்கப்படுவதால், "குளிர்" என்பதும் பொருந்திவிடும். எனவே வேர்ச்சொல்லையும் உருபுகளையும் பிரித்தறியும் உருபனியல் பகுப்பாய்வி தேவைப்படுகின்றது.

குறியாக்கச் சிக்கல்

"கொங்கு" என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவோ, எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவோ சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோல் தோன்றும், கணினிக்கோ வெவ்வேறு. தேடலுக்கு முன் இவற்றை ஒரே வடிவிற்கு மாற்றுதல் இயல்பாக்கம் எனப்படும்.

1999 இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியாக்கங்களில் உள்ள ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி, ஒருங்குறித் தேடலில் அவை கிடைக்கமாட்டா.

வடிவமைப்பு நெறிகள்

* கோவை, கோயமுத்தூர், கோயம்புத்தூர் போன்ற மாற்றுப் பெயர்களை இணைத்துத் தேடுதல்.
* தேடற்சொல்லை விரிவாக்கினால் அதனைப் பயனருக்குக் காட்டி, விலக்கிக்கொள்ளவும் வழி தருதல்.
* பொருத்தமானவை எனப் பயனர் சுட்டும் ஆவணங்களைக் கொண்டு தேடலைச் செம்மைப்படுத்துதல். 1960களில் ஜெரார்டு சால்டன் தலைமையில் உருவான ஸ்மார்ட் முறைமையில் இம்முறை ஆராயப்பட்டது.
* "முடிவுகள் இல்லை" என்று மட்டும் கூறாது, நெருங்கிய சொற்களைப் பரிந்துரைத்தல். இவ்வுதவி இல்லையெனில், தமிழில் அச்செய்தியே எழுதப்படவில்லை என மாணவர் கருதி, வேற்றுமொழியில் தேடச் சென்றுவிடக்கூடும்.