சதுரங்கச் சம்மேளனமும் வாக்குரிமையும்

சதுரங்கம் ஆடுவோர் கோடிக்கணக்கினர். எனினும் அவ்வாட்டத்தின் உலகத் தலைவரைத் தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்கு நேரே இல்லை. 1924 இல் பாரிசு நகரிலே தோன்றிய உலகச் சதுரங்கச் சம்மேளனம் தேசியச் சங்கங்களின் கூட்டாகும். பொதுச் சபையிலே நாடொன்றுக்கு வாக்கு ஒன்று. இரசியாவும் சின்னஞ்சிறு தீவொன்றும் அங்கே சரிநிகர்.

ஆட்டத்திற் பெற்ற புகழ் அங்கே வாக்காக மாறியே தீருமென்பதில்லை. முன்னாள் உலக வீரர் மாக்ஸ் ஊவே 1970 இல் தலைவரானார் என்பது மெய்யே. ஆனால் அனத்தோலி கார்ப்பொவ் 2010 இல் கிர்சான் இலியும்சீனொவிடம் தோற்றார்: அவருக்கு 55, எதிராளிக்கு 95. 2014 இல் கரி கஸ்பரொவுக்கு நேர்ந்ததும் அதுவே: 61க்கு 110. சென்னையிற் கூடிய 2022 ஆம் ஆண்டுச் சபையிலோ, அர்க்காடி துவர்க்கோவிச்சுடன் இணைந்து நின்றமையால் விசுவநாதன் ஆனந்த் துணைத் தலைவரானார்.

சிறு சங்கங்களுக்குப் பயிற்சியாளரும் பொருளுதவியும் வேண்டும். அவற்றை அளிக்க வல்லார் பக்கம் அவை சாய்தல் இயல்பு. இதனை இழிவென ஒதுக்குதல் எளிது. ஆயின் ஆட்டக்காரர் தொகைக்கேற்ப வாக்குகளைப் பங்கிட்டால், பெருநாடுகள் சிலவே சம்மேளனத்தை ஆளும். மெய்யான குறை வேறொன்று: வாக்கெடுப்பு இரகசியமானது, ஆதலின் தம் பேராளர் எவரை ஆதரித்தாரென்பதை, அவரை அனுப்பிய சங்கத்து ஆட்டக்காரர் உறுதியாக அறிய வழியில்லை.