மென்மை பலவிதம்

பஞ்சு மென்மையானது. பூ மென்மையானது. இது தொட்டால் தெரியும். தண்ணீரிலும் மென்மை உண்டு. கல்லிலும் உண்டு. மென்மை என்றால் பலவீனம் அல்ல. ஒவ்வொரு மென்மைக்கும் ஒரு பயன் உண்டு.

தண்ணீர்

சில கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு சீக்கிரம் வேகாது. பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். ஏன்? அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். இதைக் கடின நீர் என்பார்கள். மழைத் தண்ணீரில் இந்தச் சத்து மிகக் குறைவு. அது மென்னீர். கொஞ்சம் சோப்பு போட்டாலே நன்றாக நுரைக்கும்.

கல்

மாக்கல் மென்மையான கல். கல்சட்டி செய்வது இதில்தான். கர்நாடகத்தில் பேலூர் என்ற ஊர் உள்ளது. அங்கே 1117-ஆம் ஆண்டு மன்னர் விஷ்ணுவர்த்தனர் ஒரு பெரிய கோயில் கட்டினார். சிற்பிகள் மாக்கல்லில் சிலைகள் செதுக்கினார்கள். கல் மென்மையாக இருந்தது. அதனால் வளையல், மணிமாலை எல்லாம் நுணுக்கமாக வந்தன. 900 ஆண்டுகள் கடந்தும் அவை நிற்கின்றன.

குழந்தையின் தலை

கைக்குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மென்மையாக இருக்கும். அதுதான் உச்சிக்குழி. அங்கே மண்டை எலும்புகள் இன்னும் சேரவில்லை. அதனால்தான் பிரசவத்தில் தலை சற்று ஒடுங்கி வெளியே வருகிறது. பிறகு மூளை வளரவும் இடம் கிடைக்கிறது. பெரும்பாலும் 2 வயதுக்குள் உச்சிக்குழி மூடிவிடும். அதுவரை அங்கே அழுத்தக் கூடாது.

உச்சிக்குழி ஆபத்தையும் காட்டும். குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடலில் நீர் குறையும். அப்போது உச்சிக்குழி உள்ளே குழிந்துவிடும். காய்ச்சலோடு உச்சிக்குழி மேலே புடைத்திருந்தாலும் ஆபத்து. இரண்டிலும் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலக்குங்கள். சில பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு. சில பொட்டலம் 200 மில்லி லிட்டருக்கு. தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்துவிடும். அது குழந்தைக்குக் கெடுதல்.

எவ்வளவு தண்ணீர் என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துக் கலக்குங்கள்.